கொக்கா, நாரையா, மடையானா? நிறத்தைக் கடைசியில் பார்க்கும் முறை

மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்கு வந்து, கேஜ் வீல் போட்ட டிராக்டர் சேறடிக்கத் தொடங்கியதும், அதன் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் வந்து இறங்கும். டெல்டாவில் இதைப் பார்க்காதவர் இல்லை. யாரைக் கேட்டாலும் கொக்கு என்பார்கள். ஆனால் அந்த ஒரே வயலில் நான்கு வகைக் கொக்கும், நத்தைகுத்தி நாரையும், வெள்ளை அரிவாள் மூக்கனும் கலந்து நிற்கலாம். உணவு, கூடு கட்டும் இடம், நடை, பறக்கும் விதம் எல்லாவற்றிலும் இவை வெவ்வேறு பறவைகள்.

புதிதாகப் பறவை பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரு கையில் படப்புத்தகம், மறு கையில் பைனாகுலர் என்று தொடங்குகிறார்கள். "வெள்ளை உடம்பு, கறுப்பு மூக்கு" என்று மனதில் வைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினால் அதே அடையாளத்தோடு மூன்று பறவைகள் கிடைக்கின்றன. குழப்பம் வருகிறது, நாலு நாளில் ஆர்வமும் போய்விடுகிறது. நிறத்தைப் படத்தோடு பொருத்துவதுதான் இனங்காணுதல் என்ற எண்ணமே இதற்குக் காரணம். இனங்காணுதல் என்பது கழித்துக்கொண்டே வரும் வேலை. இந்த இடத்தில், இந்த மாதத்தில், இந்த உருவத்தோடு, இந்த வேலையைச் செய்யும் பறவை எதுவாக இருக்க முடியும் என்று பட்டியலைச் சுருக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் இரண்டு மூன்று பெயர்கள்தான் மிஞ்சும். நிறத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நாலு வயலுக்கு அப்பால் வரப்பில் வருகிற ஆளை முகம் தெரியாத தூரத்திலேயே இன்னார் என்று சொல்லிவிடுகிறோம். உயரம், தோள் அகலம், நடை, அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வரக்கூடியவர் யார் என்ற கணக்கு எல்லாம் சேர்ந்து சொல்லிவிடுகிறது. சட்டையின் நிறத்தை நம்புவதில்லை, ஏனென்றால் சட்டை மாறும். பறவையின் இறகும் அப்படித்தான் மாறுகிறது.

நிறம் ஏன் ஏமாற்றுகிறது?

இறகு உயிரற்ற பொருள், நம் நகத்தைப் போல. வெயிலிலும் உராய்விலும் நைந்துபோகும். அதனால் பறவைகள் பழைய இறகை உதிர்த்துவிட்டுப் புதியதை முளைக்க வைக்கின்றன. இதற்கு இறகுதிர்ப்பு என்று பெயர். பல பறவைகள் இனப்பெருக்கக் காலத்துக்கு முன் ஒருமுறை இறகு மாற்றி வேறு தோற்றத்துக்கு வருகின்றன. அந்தத் தோற்றத்தைக் கூடுகாலக் கோலம் என்று இந்தக் கட்டுரையில் சொல்வோம்.

மடையானை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் மதகில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்போது மண் நிறத்தில் கோடு கோடாக இருக்கும். பக்கத்தில் போகும்வரை கண்ணுக்கே தெரியாது. பறந்தால் இறக்கை பளிச்சென்று வெள்ளை. கூடுகாலத்தில் அதே பறவையின் முதுகு அடர்ந்த செம்பழுப்பாகிவிடும். நிறத்தை மட்டும் நம்பினால் ஒரு மடையானை மூன்று பறவைகளாகக் குறித்து வைப்போம்.

உண்ணிக்கொக்கு மற்ற காலத்தில் முழு வெள்ளை. கூடுகாலத்தில் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஆரஞ்சு பூசியதுபோல் ஆகும். நத்தைகுத்தி நாரை கூடுகாலத்தில் வெள்ளையாகவும் மற்ற காலத்தில் சாம்பலாகவும் தெரியும். பெரிய கொக்கின் அலகுகூட மாறும்: சாதாரண நாட்களில் மஞ்சள், கூடுகாலத்தில் கறுப்பு. "கறுப்பு மூக்கு" என்று தேடியவருக்கு மூன்று பறவைகள் கிடைத்ததன் காரணம் இதுதான்.

வயதும் பாலும் வேறு இருக்கின்றன. வளர்ந்த செம்பருந்துக்கு வெள்ளைத் தலை, செங்காவி உடல். இளம்பறவையோ முழுக்கப் பழுப்பு, கரும்பருந்து என்றே எண்ணத் தோன்றும். ஆண் குயில் கரி நிறம், பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. இதற்கு மேல் வெளிச்சம். சூரியனை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தால் எந்தப் பறவையும் கறுப்புதான். சேற்றில் நடந்த கொக்கின் மஞ்சள் பாதமும் கறுப்பாகத்தான் தெரியும்.

சுருக்கமாக: பருவம், வயது, பால், வெளிச்சம், சேறு ஆகிய ஐந்தும் நிறத்தை மாற்றிக் காட்டும். உருவத்தை இவை அவ்வளவாகத் தொடுவதில்லை.

முதலில் அளவு, பிறகு உருவம்

தனியாக நிற்கும் பறவை எத்தனை சென்டிமீட்டர் என்று கண்ணால் கணிக்க முடியாது, அனுபவமுள்ளவர்களும் தவறுவார்கள். அதனால் தெரிந்த பறவைகளை அளவுகோலாக வைத்துக்கொள்வது வழக்கம். சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ., மைனா சுமார் 25, காகம் சுமார் 40, கரும்பருந்து சுமார் 60. "மைனாவைவிடப் பெரியது, காகத்தைவிடச் சிறியது" என்று எழுதினால் போதும், பட்டியலில் பெரும்பகுதி கழிந்துவிடும். பைனாகுலருக்குள் பார்க்கும்போது அளவு ஏமாற்றும் என்பதால், பக்கத்தில் ஒரு காகமோ மாடோ நின்றால் அதோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

அடுத்து அலகு, கழுத்து, கால், வால். இவற்றில் அதிகம் பேசுவது அலகு, ஏனென்றால் அது அந்தப் பறவையின் சாப்பாட்டுக் கருவி. கொக்கின் அலகு நேரான ஈட்டி. மீனையும் தவளையையும் பாய்ந்து பிடிக்க உதவும். அரிவாள் மூக்கனின் அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும்; சேற்றுக்குள் விட்டுத் துழாவும். கரண்டிவாயன் தட்டையான அலகைத் தண்ணீரில் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். நத்தைகுத்தி நாரையின் மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேரும், நடுவில் சேராது. அந்த இடைவெளி வழியாகப் பின்னால் இருக்கும் வானம் தெரியும். நம் வயல்களிலும் குளங்களிலும் கிடைக்கும் பெரிய நத்தைதான் அதன் முக்கிய உணவு. இளம்பறவைக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். அதனால் இடைவெளி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடாது.

பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். கொக்கும் மடையானும் கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பறக்கும். நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் மூன்றும் கழுத்தை முன்னே நீட்டிப் பறக்கும். கொக்கினத்தின் கழுத்தில் ஆறாவது எலும்பு மற்றவற்றிலிருந்து வேறுபட்டு அமைந்திருப்பதால்தான் அது வளைந்து மடிந்து, இரையைக் கண்டதும் வில்லிலிருந்து விடுபட்டதுபோல் நீள்கிறது. மாலையில் குளத்தை நோக்கிப் போகும் கூட்டத்தைக் கீழிருந்து பார்க்கும்போது நிறமே தெரியாவிட்டாலும் கழுத்தை வைத்துக் கொக்குக் கூட்டமா நாரைக் கூட்டமா என்று சொல்லிவிடலாம்.

பருந்துகளுக்கு வால். கரும்பருந்தின் வால் நடுவில் உள்வாங்கிக் கவட்டை போலிருக்கும். செம்பருந்தின் வால் விளிம்பு வளைவாக இருக்கும். பழுப்பு நிறத்து இளம் செம்பருந்தையும் இந்த ஒரு குறி காட்டிக்கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: கரும்பருந்து வாலை முழுக்க விரித்துத் திரும்பும்போது கவட்டை மறைந்து நேர்கோடாகத் தெரியும். வாலை ஒடுக்கும்வரை காத்திருங்கள்.

இப்படி ஒரு பறவையை அதைப் போன்ற மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் புறக்கூறுக்குக் களக்குறி என்று பெயர். வாலின் கவட்டை, அலகின் இடைவெளி, பாதத்தின் மஞ்சள் எல்லாம் களக்குறிகள். வெள்ளை உடம்பு களக்குறி ஆகாது. அது பலவற்றுக்கும் பொது.

நான்கு வெள்ளைக் கொக்குகள்

டெல்டாவில் பறவை பார்க்கப் பழகுபவர்கள் இந்த நான்கையும் பிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். இவை வருடம் முழுக்கக் கிடைக்கும், பேருந்து ஜன்னலிலிருந்துகூடப் பயிற்சி எடுக்கலாம்.

உண்ணிக்கொக்கு நான்கிலும் சிறியது, சுமார் 50 செ.மீ. கழுத்து குட்டை, அலகு குட்டையான மஞ்சள். அலகுக்குக் கீழே தாடைப் பகுதியில் இறகு சற்றுப் புடைத்திருப்பதால் கன்னம் உப்பினதுபோல் தெரியும். மாட்டின் காலடியிலும் டிராக்டரின் பின்னாலும் ஓடி ஓடிப் பூச்சி பிடிப்பது பெரும்பாலும் இதுதான். தண்ணீர் இல்லாத தரிசிலும் மேயும், மற்ற மூன்றும் அங்கே வருவது குறைவு.

சின்னக் கொக்கு சுமார் 60 செ.மீ., ஒல்லியானது. மெல்லிய கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். ஆழமில்லாத தண்ணீரில் ஒரு காலை முன்னே நீட்டி நடுக்கி, சேற்றைக் கலக்கி, கலங்கி வெளிவரும் மீனைக் கொத்தும். சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது. அது அடுத்த காலைத் தூக்கும் நொடிக்காகவோ பறந்து எழும் நொடிக்காகவோ காத்திருக்க வேண்டும். பறக்கும்போது இரண்டு மஞ்சள் பாதங்களும் வாலுக்குப் பின்னால் நீண்டு நன்றாகத் தெரியும். கூடுகாலத்தில் பிடரியிலிருந்து இரண்டு நீண்ட இறகுகள் தொங்கும்.

பெரிய கொக்கு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். கழுத்து உடம்பைவிட நீளமாகத் தோன்றும், நடுவில் முட்டி போல ஒரு மடிப்பு இருக்கும். குளத்தில் ஆழமான இடத்தில் தனியாக வெகுநேரம் அசையாமல் நிற்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது நடுத்தரக் கொக்கு, சுமார் 70 செ.மீ. எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். தூரத்தில் தனியாக நின்றால் பெரிய கொக்கு போலவே இருக்கும். இரண்டுக்கும் மஞ்சள் அலகு, கறுப்புக் கால், கறுப்புப் பாதம். பிரிப்பதற்கு நம்பகமான குறி வாய்க்கோடு, அதாவது மேல் அலகும் கீழ் அலகும் சேரும் கோடு முகத்தில் எதுவரை போகிறது என்பது. பெரிய கொக்கில் அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே போகும். நடுத்தரக் கொக்கில் கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடும். அலகு குட்டையாகவும் தலை உருண்டையாகவும் இருப்பது துணைக்குறி. வாய்க்கோட்டைப் பார்க்கப் பறவை பக்கவாட்டில் திரும்ப வேண்டும், வெளிச்சம் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் அமையாவிட்டால் "பெரியது அல்லது நடுத்தரம்" என்று எழுதிவிட்டு நகர்வதுதான் நேர்மை.

சுருக்கமாக: குட்டை மஞ்சள் அலகும் குட்டைக் கழுத்தும் இருந்தால் உண்ணி, மெல்லிய கறுப்பு அலகும் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்னது, மஞ்சள் அலகும் கறுப்புப் பாதமும் இருந்தால் வாய்க்கோடு முடிவு சொல்லும். கூடுகாலத்தில் பெரியதுக்கும் நடுத்தரத்துக்கும் அலகு கறுக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; பாதம் அப்போதும் கறுப்புதான்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கமும் கோடியக்கரை உப்பளப் பக்கமும் போனால் ஐந்தாவதாகக் கரைக்கொக்கு சேர்ந்துகொள்ளும். அதில் வெள்ளை நிற வகையும் உண்டு, தொண்டையில் வெள்ளையோடு கருஞ்சாம்பல் நிற வகையும் உண்டு. சின்னக் கொக்கைவிட அலகு தடிமன். உப்புநீர் ஓரத்துப் பறவை என்பதால் கும்பகோணத்து வயலில் அதைத் தேட வேண்டியதில்லை.

என்ன செய்கிறது, எங்கே செய்கிறது?

குளத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும் கறுப்புப் பறவை நீர்க்காகமாகவோ பாம்புத்தாராவாகவோ இருக்கலாம். நீர்க்காகத்தின் அலகு நுனி கொக்கி போல வளைந்திருக்கும், அதால் மீனைக் கவ்வும். பாம்புத்தாராவின் அலகு நேரான ஊசி, அதால் மீனைக் குத்தும். நீந்தும்போது பாம்புத்தாராவின் உடம்பு முழுக்க நீருக்குள் போய்க் கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே நிற்கும்.

மின்கம்பியில் உட்கார்ந்து வயலையே பார்த்துக்கொண்டிருக்கும் நீல முதுகுப் பறவை வெண்மார்பு மீன்கொத்தி. பெயருக்கு மீன்கொத்தி, வெட்டுக்கிளியும் ஓணானும் பிடிக்கும், தண்ணீர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் இருக்கும். ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழுவது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. தாமரைக் குளத்தில் இலைமேல் நடப்பது இலைக்கோழி, அதன் நீண்ட விரல்கள் எடையைப் பரப்பிவிடுகின்றன. வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடுவது வாலாட்டி. இந்தப் பறவைகளுக்கெல்லாம் நிறத்தைவிடச் செய்யும் வேலையே பெயரைச் சொல்லிவிடுகிறது.

மாதமும் ஒரு களக்குறி

ஒரு பகுதியில் வருடம் முழுக்க இருப்பது உள்ளூர்ப் பறவை. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்து திரும்பிப் போவது வலசைப் பறவை. டெல்டாவுக்கு வலசை வரும் பறவைகளில் பெரும்பாலானவை அக்டோபர் வாக்கில் வந்து மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான்கள், மஞ்சள் வாலாட்டி, கருவால் மூக்கன் எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. அதனால் மே மாதக் குளத்தில் ஊசிவால் வாத்தைப் பார்த்ததாகத் தோன்றினால் பெயரை எழுதும் முன் இன்னொருமுறை பாருங்கள்.

இங்கே தண்ணீரின் நாட்காட்டியும் சேர்ந்துகொள்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கிறது; குறுவைக்குச் சேறடிக்கும் நாட்களில் கொக்குகள் வயலில் சிதறிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிறையும்போது நீர்ப்பறவைகள் கூடு கட்டும், வலசை வாத்துகளும் வந்து சேரும். திருவாரூர் மாவட்டத்து வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் சரணாலயங்கள் இரண்டும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கோடியக்கரை 2002இலேயே சேர்ந்தது. ராம்சர் என்பது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைப் பாதுகாக்கும் உடன்படிக்கை. பழகுவதற்கு நவம்பர் முதல் ஜனவரி வரை வடுவூர் ஏரிக்கரை நல்ல இடம். கோடியக்கரையில் பூநாரைக் கூட்டத்தோடு சிறிய கரைப்பறவைகள் ஏராளமாக இருக்கும், ஆனால் அவை ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் முதல் ஆண்டில் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

குரல்

குரலைப் பற்றி ஒரு சொல் போதும்: ஒலிப்பதிவுகளை உட்கார்ந்து மனப்பாடம் செய்யாதீர்கள். வீட்டைச் சுற்றிக் கேட்கும் பத்துக் குரல்களின் சொந்தக்காரர்களைத் தேடிப் பார்த்துவிடுங்கள். கொல்லையில் "ஊப் ஊப் ஊப்" என்று ஆழமாக ஒலிப்பது செம்போத்து. உச்சிவெயிலில் தட்டான் சுத்தியல் போலச் சீராகத் தட்டுவது செம்மார்புக் குக்குறுவான். மழைக்காலத்தில் வாய்க்கால் புதருக்குள் விடாமல் கத்துவது கானாங்கோழி. இரவில் வயலில் யாராவது நடந்தால் கூச்சல் போட்டுக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி.

களத்தில் செய்ய வேண்டியவை

பைனாகுலரில் 8×42 என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. என்று பொருள். தொடங்குபவருக்கு இதுதான் சரி. பத்து மடங்குக்குப் போனால் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும், பறவையைத் தேடுவதற்குள் அது பறந்துவிடும்.

பலர் பைனாகுலரை ஒருமுறைகூடத் தங்கள் கண்ணுக்குப் பொருத்துவதில்லை. பிறகு தலைவலிக்கிறது என்று மூலையில் போடுகிறார்கள். வலது பக்கக் கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, அதே பலகையை வலது கண்ணால் பார்த்து, வலது கண்பக்க வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நடுச்சக்கரம் ஒன்றே போதும். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் கண்பக்க ரப்பர் குவளையை உள்ளே தள்ளிவிட வேண்டும். பறவையைத் தேடும்போது வெறும் கண்ணால் அதைப் பிடித்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்.

காலையில் சூரியன் உங்கள் முதுகில் படும்படி கரையைத் தேர்ந்தெடுங்கள். பறவை நிற்கும்போதே சின்ன நோட்டில் எழுதுங்கள்: இடம், தேதி, நேரம், எந்தப் பறவையளவு, அலகு, கால், என்ன செய்தது, கடைசியாக நிறம். பெயரை முதலில் எழுதிவிட்டால் மனம் அதற்கேற்ற குறிகளை மட்டும் பார்க்கத் தொடங்கும். பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நிரப்புங்கள். கைபேசியில் ஒரு மங்கலான படம் எடுத்தாலும் போதும், கழுத்து மடிந்திருக்கிறதா என்று பார்க்க அதுவே உதவும்.

பறவையின் பெயரைக் கண்டுபிடிக்க மெர்லின் என்ற கைபேசிச் செயலி உதவும். அதுவும் எங்கே பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள், எவ்வளவு பெரிது என்ற மூன்றையும் கேட்ட பிறகுதான் நிறத்தைக் கேட்கிறது. அது தரும் பட்டியலைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டு, வாய்க்கோடும் பாதமும் ஒத்துவருகிறதா என்று நீங்களே சரிபாருங்கள்.

கூடு இருக்கும் மரங்களுக்குக் கீழே போக வேண்டாம். ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காகம் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். சாலையோரங்களில் மடையானையும் கொக்கையும் யாராவது விற்பதைப் பார்த்தால் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

பார்த்ததை, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பட்டியலாக ஏற்றலாம். 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் ஏற்றினாலே கலந்துகொண்டதாக ஆகும். வாய்க்கோடு தெரியாமல் பறந்துபோன அந்தக் கொக்குக்கும் அங்கே இடம் உண்டு: இன்ன இனம் என்று உறுதியில்லாத கொக்கு என்றே பதிவு செய்யலாம். ஊகித்து ஒரு பெயரைப் போடுவதைவிட அந்தப் பதிவு ஆய்வாளர்களுக்குப் பயன்படும்.